ஐயவினா அறியாத இயந்திரம்

இலக்கியம் பேசும் இடத்தில் ஆலைக் கணக்குகளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அண்மைக் காலமாகத் தொழிற்கூடங்களுக்குள் நுழைந்துகொண்டிருக்கும் ஒரு கருவி முழுக்க முழுக்க மொழியைப் பற்றியது. அன்றாடப் பேச்சில் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்கிறோம். கருவி அதைத் தரவுத்தளத்துக்குப் புரிகிற வினவல்மொழிக்கு மாற்றுகிறது, ஓட்டுகிறது, விடையைக் கொண்டுவந்து வைக்கிறது. இனி நிரலாளர் வேண்டாம், அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம், கேட்டால் போதும் என்கிறார்கள் விற்பவர்கள்.

கேட்டால் போதுமா என்பதே நம் ஐயம். ஒரு கேள்வியை மொழிபெயர்ப்பது கவிதையை மொழிபெயர்ப்பதைவிட எளிது என்று நினைப்பவர்கள் ஓர் ஆலையின் கேள்விகளைக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்றுதான் சொல்வோம். கவிதை மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்தால் விமர்சகர் கோபித்துக்கொள்வார். இங்கே பிழை நேர்ந்தால் யாரோ ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேரே தவறான எண் ஒன்று போய் உட்காரும். அந்த எண்ணுக்குக் கணினியின் சான்றும் இருக்கும்.

நமது இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியம் வினாவும் செப்பும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என்று சொன்ன கையோடு, வினாவுக்கு எதிராக வரும் வினாவும் செப்புதான் என்கிறது. நன்னூல் இன்னும் விரிக்கிறது. வினா ஆறு: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை எட்டு, அவற்றுள் ஒன்று வினா எதிர் வினாதல். உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளில் எதிர்வினா பெரும்பாலும் உடன்பாட்டைக் குறிப்பாகச் சொல்வதே. 'உண்டாயோ?' என்றால் 'உண்ணேனோ?' என்பது போல. நாம் அதைச் சற்று நீட்டிக்கொள்கிறோம். ஒருவர் கேட்ட வினாவில் இரண்டு பொருள் கிடந்தால், கேட்கப்பட்டவர் முதலில் தர வேண்டிய விடை ஓர் ஐயவினா. 'நீங்கள் கேட்பது இதையா, அதையா?' அந்த இடத்தில் இதுவே ஒழுங்கான செப்பு. வேறெது சொன்னாலும் ஊகம்தான்.

இந்தக் கருவிகளுக்கு எட்டு விடைகளில் ஒன்றுதான் நன்றாகத் தெரியும்: நேர்விடை. எதைக் கேட்டாலும் ஓர் எண். ஐயவினா கேட்கத் தெரியாத ஒன்றை, அல்லது கேட்காதே என்று பழக்கப்பட்ட ஒன்றை, ஆலைக்குள் விடுவது சரியா என்பதே இக்கட்டுரையின் விவாதம்.

*

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். ஸ்பின்னிங் மாஸ்டர் காலையில் வந்ததும் கேட்கிறார்: 'நேத்து ராத்திரி ஷிப்டுல எந்த மெஷின் அதிகமா நின்னுச்சு?' ஏழு சொற்கள். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். வினவல்மொழியில் எழுத உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு சொல்லும் வாயைத் திறக்கிறது.

'நேற்று இரவு' என்பது எது? இரவுப் பணிமுறை பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் பெரும்பகுதி நாட்காட்டிப்படி இன்றைய தேதியில் கிடக்கிறது. தேதியை மட்டும் பார்க்கும் வினவல், நேற்று அதிகாலை முடிந்த பணிமுறையின் ஆறு மணி நேரத்தையும் நேற்றிரவு தொடங்கியதன் இரண்டு மணி நேரத்தையும் ஒட்டி, எவருமே வேலை செய்யாத ஓர் இரவை உண்டாக்கிவிடும். போதாததற்குப் பல கணினிகள் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில்தான் பதிகின்றன. நமது இரவு பத்து அங்கே மாலை 4.30; நமது காலை ஆறு அங்கே நள்ளிரவு 12.30. இந்த ஐந்தரை மணி நேரத்தை யாரும் நினைவூட்டாவிட்டால், இரவு ஆட்களின் கணக்கோடு பகல் ஆட்களின் கணக்கு கலந்துபோகும்.

'அதிகமாக' என்பது எத்தனை முறை நின்றது என்பதா, எத்தனை நிமிடம் நின்றது என்பதா? இருபது முறை நின்று ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்தில் எடுக்கப்பட்ட இயந்திரம் நின்றது மொத்தம் பத்து நிமிடம். ஒரே முறை நின்று ஒரு மணி நேரம் கிடந்தது வேறொன்று. முதலாவதில் குறை பஞ்சிலோ ஈரப்பதத்திலோ இருக்கலாம். இரண்டாவதில் ஃபிட்டர் வர நேரமாயிருக்கலாம், உதிரிப்பாகம் இல்லாமல் போயிருக்கலாம். ஒரே சொல்லின் இரு பொருள்கள் இரண்டு வெவ்வேறு மனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன.

'நின்றது' என்பது இன்னும் சிக்கல். ரிங் ஃபிரேமில் நூல் நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, நிறைந்த பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டுகிறார்கள். டாஃபிங் என்று சொல்வது அதைத்தான். அது நிற்பதற்காகவே நிற்கும் நேரம், நின்றால்தான் உற்பத்தி. மின்சாரம் போனால் நிற்கும். ரோவிங் வந்து சேராவிட்டால் நிற்கும். கவுண்ட் மாற்றுவதற்காக நிறுத்துவார்கள். உண்மையிலேயே பழுதாகியும் நிற்கும். தரவுத்தளத்துக்குத் தெரிந்ததெல்லாம் சுழல்வேகம் சுழியானது என்பதுதான். காரணக் குறியீட்டை யாராவது பதிந்திருந்தால் உண்டு. இரவு மூன்று மணிக்கு அறுந்த இழைகளை ஓடி ஓடி இணைத்துக்கொண்டிருக்கும் சைடர் அதைப் பதிந்திருப்பாரா? காரணம் வெற்றாகக் கிடக்கும் பதிவுகளை என்ன செய்வது? சேர்த்தால் ஒரு விடை, விட்டால் வேறு விடை.

இப்போது பழைய ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். மாஸ்டரின் இந்தக் கேள்வி கணக்குப் பார்க்கும் பையனிடம் போகும். அவன் நிமிர்ந்து கேட்பான்: 'டாஃபிங்குக்கு நின்னதையும் சேர்க்கணுங்களா மாஸ்டர்?' மாஸ்டர் சலித்துக்கொண்டே, 'அதை எதுக்குப்பா சேர்க்கறே? பழுதானது மட்டும் போதும்' என்பார். இந்த இரண்டு வரி உரையாடல் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. ஆனால் பல்லாண்டுகளாக ஆலைக் கணக்குகளை ஓரளவேனும் நேர்மையாக வைத்திருந்தது அதுதான். நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லி இப்போது நீக்கப்படுவதும் அதுதான்.

*

தொழில்துறைத் தரவுக்கு வேறு சில வழுக்குப்பாறைகளும் உண்டு. மேலுக்கு எண்களாகத் தெரிந்தாலும் அவையும் மொழிச் சிக்கல்களே.

'சராசரி' என்ற சொல்லைப் பாருங்கள். ஆலைகளில் உணர்கருவிகள் அனுப்பும் அளவுகளைச் சேமிக்கும் தனிவகைத் தரவுத்தளங்கள் ஒவ்வொரு நொடியின் அளவையும் வைத்துக்கொள்வதில்லை. இடம் மிச்சமாவதற்காக, அளவு குறிப்பிடத்தக்க அளவு மாறும்போது மட்டும் பதிவு செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு மோட்டார் பேரிங்கின் வெப்பம் எட்டு மணி நேரத்தில் 470 நிமிடம் அசையாமல் 60 பாகையில் நின்றது என்று கொள்வோம். அதற்கு இரண்டே பதிவுகள். மீதிப் பத்து நிமிடம் 90 பாகையை ஒட்டி ஏறி இறங்கியது. அதற்குப் பதினெட்டுப் பதிவுகள். இருபது பதிவுகளையும் கூட்டி இருபதால் வகுத்தால் சராசரி 87. நேரத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் சராசரி 61ஐக்கூட எட்டாது. வினவல்மொழியில் சராசரி என்று எழுதினால் முதல் கணக்குத்தான் நடக்கும். அதில் இலக்கணப் பிழை இல்லை. இயந்திரம் எந்த எச்சரிக்கையும் தராது. எண்பத்தேழு பாகையில் நாள் முழுவதும் ஓடவிட்டதற்காகப் பராமரிப்புப் பிரிவில் ஒருவர் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, அட்டவணைகளை இணைக்கும்போது நேர்வது. உற்பத்தி ஓர் அட்டவணையில் இருக்கிறது, நிறுத்தங்கள் வேறோர் அட்டவணையில். ஓர் இயந்திரம் ஒரு பணிமுறையில் 120 கிலோ நூற்றது, ஐந்து முறை நின்றது. இரண்டு அட்டவணைகளையும் கவனமின்றி இணைத்தால், ஐந்து நிறுத்தங்களுக்கும் நேரே அந்த 120 திரும்பத் திரும்ப வரும். கூட்டினால் 600 கிலோ. அதிகம் நின்ற இயந்திரமே அதிகம் நூற்றதாக அறிக்கை சொல்லும். இதைக் கண்டு சிரிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பிழைத்தோம்.

சில வேளைகளில் சொல்லே வேடிக்கை காட்டும். நூற்பாலையில் கவுண்ட் என்றால் நூலின் மெல்லிமை. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே கவுண்ட். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் நாற்பது சிட்டம் ஒரு பவுண்டு. வினவல்மொழியிலும் கவுண்ட் என்றொரு கட்டளை இருக்கிறது. வரிசைகளை எண்ணிச் சொல் என்று அதற்குப் பொருள். 'நேற்று ஐந்தாம் மெஷினில் என்ன கவுண்ட்?' என்று கேட்டவருக்கு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் அட்டவணையை எண்ணி 2,880 என்று விடை வந்தால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அபத்தமான விடை ஆபத்தில்லாதது. நம்பும்படியான தவறான விடைதான் ஆபத்து. 60க்குப் பதில் 2,880 வந்தால் தெரிந்துவிடும்; 61க்குப் பதில் 87 வந்தால் யாருக்குத் தெரியும்?

*

இவையெல்லாம் புதுமை வேகத்தில் எவரும் கவனிக்காமல் விட்ட சங்கதிகள் அல்ல. இத்துறையின் மூதாதையர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

1961இல் அமெரிக்காவில், ஒரு பருவத்தின் பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் விடை சொல்லும் நிரல் ஒன்றைப் பெர்ட் கிரீனும் உடன்பணியாளர்களும் எழுதினார்கள். எந்த நாள், எந்த ஊர், எந்த அணிகள், எத்தனை ஓட்டம் என்பதோடு அதன் உலகம் முடிந்தது. பத்தாண்டு கழித்து, அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலவுப் பாறைகளின் வேதிப் பகுப்பாய்வுத் தரவுகளுக்காக வில்லியம் வுட்ஸ் குழுவினர் ஒன்றை உருவாக்கினார்கள். 1971இல் ஹூஸ்டனில் நிலவறிவியல் மாநாட்டுக்கு வந்திருந்த நிலவியலாளர்கள் அதனிடம் நேரடியாகக் கேள்வி கேட்டார்கள். கேட்டவற்றில் நூற்றுக்கு 78 பிழையின்றி விடை பெற்றன. அந்தக் காலத்துக் கணினியில் இது பெரிய சாதனை. ஆனால் கேட்டவர்கள் அனைவரும் நிலவுப் பாறையை அறிந்தவர்கள் என்பதையும், கேட்ட பொருள் ஒன்றே என்பதையும் மறக்கலாகாது.

1970இல் தரவுகளை அட்டவணைகளாகவும் உறவுகளாகவும் அமைக்கும் கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வெளியிட்டார். இன்றைய தொழில்துறைத் தரவுத்தளங்களில் பெரும்பகுதி அந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறது. 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கொரு வினவல்மொழியை முன்வைத்தார்கள். கட்டமைக்கப்பட்ட ஆங்கிலம் என்பதே அதன் பெயரின் விரிவு. கணக்கர்கள், பொறியாளர்கள், நகரமைப்பாளர்கள் போன்ற, கணினியைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம். பெயருரிமைச் சிக்கலால் பெயர் சுருங்கி, அது பின்னாளில் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. இன்று நிரலாளர்கள் மட்டுமே எழுதுகிற, மற்றவர்கள் அஞ்சி ஒதுங்குகிற அந்த மொழி, பிறந்தபோது பொதுமக்களுக்கான எளிய மொழியாகவே கருதப்பட்டது. எளிமை என்ற வாக்குறுதி இத்துறையில் இதற்கு முன்பும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நமக்கு மிக முக்கியமாகப் படுவது, அதே 1974இல் காட் எழுதிய இன்னொரு கட்டுரை. எப்போதாவது வந்து கேட்கும் பயனர் ஒருவரோடு தரவுத்தளம் எப்படிச் சந்திப்புக்கு வர வேண்டும் என்பதை ஏழு படிகளில் அவர் வகுத்தார். ரெண்டவூ என்று அந்த அமைப்புக்குப் பெயர், பிரெஞ்சில் சந்திப்பு. எந்தத் தரவை வைத்துச் சோதித்தார் தெரியுமா? பாகங்கள், அவற்றை வழங்குவோர், அவை போய்ச் சேரும் திட்டங்கள். அதாவது தொழில்துறைத் தரவு. பயனர் கேட்டது தெளிவில்லையென்றால் அந்த அமைப்பு திரும்பக் கேட்கும். அதற்குப் பிறகும் உடனே விடை சொல்லாது. தான் புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் முழு வாக்கியமாகத் திரும்பச் சொல்லி, 'இதைத்தானே கேட்டீர்கள்?' என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே தரவுத்தளத்தைத் தொடும். தரவுத்தளங்களின் தந்தை என்று சொல்லத்தக்கவர் நன்னூல் படித்தவரல்லர். ஆனால் ஐயவினா இல்லாமல் இந்தக் காரியம் ஆகாது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

பின்னால் வந்தவர்கள் இந்தப் பாடத்தை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1990களின் இறுதியில் தன் தரவுத்தள மென்பொருளோடு ஆங்கில வினவல் கருவி ஒன்றைச் சேர்த்து வழங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் உறவுக்கும் பொருள் எழுதிவைத்தால்தான் அது வேலை செய்யும். அந்த உழைப்புக்கு ஆளில்லை. 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் அது காணாமல் போயிற்று.

*

இன்றைய மொழி மாதிரிகள் அந்த உழைப்பு தேவையில்லை என்ற தோற்றத்தைத் தருகின்றன. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்த மாதிரிக்கு 'நேற்று' என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லைதானே? தேர்வு மதிப்பெண்களும் அப்படித்தான் சொல்கின்றன. 2018இல் யேல் பல்கலைக்கழகத்தார் 200 தரவுத்தளங்களைத் திரட்டி வெளியிட்ட ஸ்பைடர் என்ற தேர்வில் புதிய மாதிரிகள் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. விளம்பரங்களில் நாம் பார்ப்பது இந்த வகை எண்களையே.

ஆனால் 2024இல், உண்மையான நிறுவனச் சூழலை ஒட்டி அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அட்டவணைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள், பலவகை வினவல்மொழிகள், 632 பணிகள். பழைய தேர்வில் 91.2 விழுக்காடு எடுத்த அதே வகை அமைப்பு இதில் 21.3 விழுக்காட்டோடு நின்றது. அதற்குப் பிறகு மதிப்பெண்கள் ஏறியிருக்கின்றன, இன்னும் ஏறும். நமது கவலை மதிப்பெண்ணின் உயரம் பற்றியதன்று. அந்தத் தேர்வுகள் எதை அளக்கின்றன என்பது பற்றியது.

2023இல் வெளிவந்த பேர்ட் என்ற தேர்வு இதற்கு நல்ல சாட்சி. அதில் கேள்விகளோடு ஒரு குறிப்பும் தரப்படுகிறது. இந்தச் சொல்லுக்கு இந்த நெடுவரிசை, இந்தத் தொடருக்கு இந்த வாய்பாடு என்று சொல்லும் குறிப்பு. அக்குறிப்போடு ஜி.பி.டி. 4 எடுத்தது 54.89 விழுக்காடு. குறிப்பை எடுத்துவிட்டால் 34.88. கணினியின் திறமை மாறவில்லை, தரவுத்தளம் மாறவில்லை. ஒரு வரி விளக்கம் இருபது விழுக்காடு பெறுகிறது. அந்தக் குறிப்பு என்ன? கேட்கப்பட வேண்டிய ஐயவினாவுக்கு முன்கூட்டியே யாரோ எழுதிவைத்த விடை. தேர்வுக்கூடத்தில் அதை எழுத ஒருவர் இருந்தார். ஆலையில் யார் இருக்கிறார்?

'ஒரு கேள்விக்குச் சரியான வினவல் ஒன்று' என்பதே இத்தகைய தேர்வுகளின் அடிப்படை. மாஸ்டரின் கேள்விக்கு அப்படி ஒன்று இல்லை. முறையா நிமிடமா, டாஃபிங் உண்டா இல்லையா என்ற இரண்டு ஐயங்களிலேயே நான்கு வினவல்கள் பிறந்துவிட்டன. நான்கும் இலக்கணப்படி சரி. எது சரி என்பது அவர் மனத்தில் இருக்கிறது, அல்லது அவர் மனத்திலும் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாத ஒன்றை இயந்திரம் தானே முடிவு செய்துவிட்டு அதைச் சொல்லாமல் மறைத்துவிடுகிறது என்பதே நமது குற்றச்சாட்டு.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. 2012 முதல் 2016 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் ஆப்டீக் என்றொரு திட்டம் நடந்தது. நார்வேயின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்ஆயிலும் (2018இல் எக்வினார் என்று பெயர் மாற்றிக்கொண்டது) ஜெர்மனியின் சீமென்ஸும் அதில் பங்காளிகள். ஒரு பக்கம் நிலவியலாளர்கள், மறுபக்கம் சுழலிகளைக் கண்காணிக்கும் பொறியாளர்கள். கேள்வி அவர்களுக்குத் தெரியும். வினவல் எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த கணினிப் பிரிவினருக்குக் கேள்வியின் பொருள் தெரியாது. அத்திட்டம் தேர்ந்த வழி, துறையின் சொற்களை வல்லுநர்கள் உட்கார்ந்து வரையறுத்து, 'கிணறு' என்றால் எந்த அட்டவணையின் எந்த வரிசை என்று எழுதிவைப்பது. ஓர் அகராதிப் பணி என்றே சொல்லலாம். மெதுவான வேலை, ஆனால் பொருள் எங்கே முடிவாகிறது என்பது அதில் கண்ணுக்குத் தெரிந்தது.

*

தமிழ்நாட்டு ஆலைகளில் கேள்விகள் தமிழில் பிறக்கின்றன என்பதால் நமக்குக் கூடுதலாகச் சில உண்டு. 'எல்லா மெஷினும் ஓடவில்லை' என்று ஒருவர் சொன்னால், ஒன்றுகூட ஓடவில்லை என்பதா, சில மட்டும் ஓடின என்பதா? தமிழ் இரண்டுக்கும் இடம் தருகிறது. பேசுபவரின் குரல் அழுத்தம் எதிரே நிற்பவருக்குப் பொருளைச் சொல்லிவிடும். தட்டச்சில் குரல் கிடையாது. ஒன்றும் ஓடவில்லை என்றால் மின்தடை. சில ஓடவில்லை என்றால் ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம். 'நம்ம லைன்' என்பதும் அப்படியே. கேட்பவர் யார் என்று தெரியாமல் அது எந்த வரிசை என்று சொல்ல முடியாது. மேலும் ஆலைத் தமிழ் ஷிப்ட், டாஃபிங், கவுண்ட் என்று கடன்சொற்களும் ஊர்வழக்கும் பின்னிய மொழி. அகராதிகள் அதைக் கண்டுகொண்டதில்லை. மொழி மாதிரிகள் படித்த பக்கங்களிலும் அது அரிதாகவே இருந்திருக்கும்.

இங்கேதான் பணயம் என்ன என்பது தெரிகிறது. சில கருவிகள் தாம் எழுதிய வினவலை விடைக்குக் கீழே காட்டுகின்றன. வெளிப்படைத்தன்மை என்கிறார்கள். எஸ்.க்யூ.எல். தெரியாதவருக்காகச் செய்யப்பட்ட கருவி, தான் செய்ததைச் சரிபார்க்க எஸ்.க்யூ.எல்.லையே நீட்டுவது என்ன நியாயம்? மேலாளருக்காவது மறுபடி கேட்கும் உரிமை இருக்கிறது. எவர் பெயருக்கு நேரே அந்த எண் வந்து விழுகிறதோ அந்தச் சைடருக்கு, அந்த ஃபிட்டருக்கு, 'எதை நிறுத்தம் என்று எண்ணினீர்கள்?' என்று கேட்க வழியே இல்லை. முன்பு கணக்குப் பார்க்கும் பையனிடம் போய்ச் சண்டையாவது போடலாம். 'நான் டாஃபிங்குக்கு நிறுத்தினேன்பா, அதையும் போட்டிருக்கியே' என்று. இப்போது சண்டை போட ஆளில்லை. பொருளை முடிவு செய்தவர் எவருமில்லாத ஓர் எண்ணோடு ஒரு தொழிலாளி எப்படி வழக்காடுவார்?

நன்னூலின் ஆறு வினாக்களை மறுபடி நினைத்துக்கொள்வோம். மேலாளர் கேட்கும் எல்லாக் கேள்வியும் அறியாமையால் எழுவதில்லை. 'மூன்றாம் மெஷின் ஏன் இவ்வளவு நேரம் நின்றது?' என்பது சில நேரம் ஏவல், சில நேரம் பழி. இயந்திரம் எல்லாவற்றையும் அறியாவினாவாகவே எடுத்துக்கொள்கிறது. 'இவ்வளவு நேரம்' என்பதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருப்பது அதற்குத் தெரியாது. பணிவோடு அந்தத் தீர்ப்புக்குச் சான்று தேடித் தருகிறது. மற்ற இயந்திரங்களோடு ஒப்பிட்டால் இது அதிகமா என்று கேட்டிருக்க வேண்டும். பையன் அந்த முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பான்.

*

எதிர்த்தரப்பின் வாதம் நமக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு எதிர்க்கேள்வி கேட்கும் கருவியை யார் பயன்படுத்துவார்கள்? காட்டின் அமைப்பும் பொறுமையைச் சோதிக்கும் நீண்ட உரையாடலில் பயனரை இழுத்தது என்பது உண்மை. அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் 'எதைச் சொல்றீங்க?' என்று கேட்கிறவரை நாமும் விரும்புவதில்லை. மேலும், கணக்குப் பார்க்கும் பையனும் தவறு செய்வான், அவனும் சில நாள் கேட்காமல் ஊகித்துவிடுவான், அவனுக்காக மூன்று நாள் காத்திருந்த காலமும் உண்டு. எண்களை இதுவரை கண்ணாலும் பார்க்காத மேஸ்திரி ஒருவர் இன்று தானே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது என்பது சிறிய விஷயமன்று. இக்கருவிகளை வேண்டாம் என்று சொல்வது நமது நோக்கமும் அன்று.

ஆனால் தொல்லையில்லாமல் ஐயவினா கேட்க வழி இருக்கிறது. ஒரு கேள்விக்கு நான்கு பொருள் தோன்றினால், நான்கையும் ஓட்டிப் பார்க்க இயந்திரத்துக்குச் சில நொடிகள் போதும். நான்கிலும் அதே ஏழாம் இயந்திரம் வந்தால் கேள்வியே வேண்டாம், விடையைச் சொல்லிவிடலாம். விடைகள் வேறுபட்டால் மட்டும், 'எத்தனை முறை என்று பார்த்தால் ஏழாம் இயந்திரம், எவ்வளவு நேரம் என்று பார்த்தால் பன்னிரண்டாம் இயந்திரம், எதைக் கேட்கிறீர்கள்?' என்று கேட்கட்டும். மனிதன் செய்யச் சலிக்கும் வேலை இது. இயந்திரம் மனிதனைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலையும் இதுவே. கேட்டுப் பெற்ற விளக்கத்தை, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதிவைத்துக்கொள்ளட்டும். மறுநாள் கேட்க வேண்டியிராது. சில மாதங்களில் அந்த ஆலைக்கென ஓர் அகராதி உருவாகிவிடும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு விடையின் தலையிலும் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும், கேட்டவரின் மொழியில். 'நேற்று இரவு பத்து முதல் இன்று காலை ஆறு வரை, டாஃபிங் நீங்கலாக, காரணம் பதியப்படாத நிறுத்தங்களைச் சேர்த்து, மொத்த நிமிடக் கணக்கில்' என்று. இந்த வாக்கியம் இல்லாத எண்ணை வைத்து எவரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது என்பதை ஆலைகளும் தொழிற்சங்கங்களும் விதியாகவே ஆக்கிக்கொள்ளலாம். தமிழில் கேட்கலாம் என்று விற்கப்படும் கருவி தமிழில் இதைச் சொல்லவும் கடமைப்பட்டது. வினவல்மொழியை வாசிக்கத் தெரியாத சைடர் இந்த வாக்கியத்தை வாசிப்பார். வாசித்துவிட்டு, 'காரணம் பதியாததை ஏன் என் கணக்கில் சேர்த்தீர்கள்?' என்று கேட்பார்.

அந்த ஆலை அகராதியை எழுத ஆட்கள் வேண்டும். 'நிறுத்தம்' என்பதற்கு மாஸ்டர் சொல்லும் பொருளும் சைடர் சொல்லும் பொருளும் எங்கே பிரிகின்றன என்று உட்கார்ந்து கேட்டு, இரண்டையும் எழுதிவைக்கும் வேலை அது. சொல்லாராய்ச்சியில் பழகிய நம்மவர்கள் இதைக் கணினிக்காரர் பாடு என்று ஒதுக்கிவிட்டால், பொருள்களை விற்பனைப் பிரிவினர் முடிவு செய்வார்கள். நாம் அதற்குப் பிறகு வருந்தி ஒரு கட்டுரை எழுதலாம். அப்போது அந்த எண்கள் சம்பளப் பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.